யானை முடியும் இல்லை, ஒட்டக முடியும் இல்லை: 'டியூட்' வந்த வழி

'டியூட்' என்ற ஆங்கிலச் சொல்லின் உண்மையான பொருள், யானையின் பின்புறத்தில் சீழ் கோத்து வளரும் முடி என்று ஒரு செய்தி பல ஆண்டுகளாகக் கைமாறி வருகிறது. சில கைகளில் யானை ஒட்டகமாகிவிடும். முடி வேறு உறுப்பாக மாறுவதும் உண்டு. 'பொருள் தெரியாமலே இப்படி ஒருவரை ஒருவர் கூப்பிடுகிறீர்களே' என்ற கண்டிப்பு மட்டும் மாறுவதே இல்லை.

இதை முதலிலேயே முடித்துவிடலாம். அது வெறும் கேலிக்கதை. நம்பத்தகுந்த எந்த அகராதியிலும் அப்படி ஒரு பொருள் கிடையாது. கால்நடை மருத்துவத்திலும் அப்படி ஒரு சொல் இல்லை. ஆனால் கதை கட்டியவருக்குத் தெரிந்தோ தெரியாமலோ ஒரு பாதி உண்மை அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'டியூட்' திட்டாகத்தான் புழக்கத்துக்கு வந்தது. யாரை, எதற்காகத் திட்டினார்கள் என்று தெரிந்துகொண்டால் இன்று அது நட்பாக ஒலிப்பதன் காரணமும் புரிந்துவிடும்.

இன்று அதற்கு என்னென்ன பொருள்?

அமெரிக்க ஆங்கிலத்தில் இந்தச் சொல் இப்போது குறைந்தது ஐந்து வேலை செய்கிறது.

1. வெறும் உணர்ச்சி ஒலி. யாரையும் அழைக்காமல், வியப்பிலோ அலுப்பிலோ 'டியூட்!' என்று வாயிலிருந்து வருவது.

2. விளி. எதிரில் இருப்பவரை அழைப்பது. 'டியூட், சாவி எங்கே?'

3. ஓர் ஆள். பெரும்பாலும் ஆண். 'வாசலில் ஒரு டியூட் நிற்கிறான்' என்றால் யாரோ ஒருவன் நிற்கிறான், அவ்வளவுதான்.

4. மாட்டுப்பண்ணைக்கு விடுமுறை கழிக்க வரும் நகரத்து ஆள். அமெரிக்க மேற்கில் மட்டும் உயிரோடிருக்கும் பொருள்.

5. அளவுக்கு மீறி உடுத்தித் திரியும் பகட்டுக்காரன். இது ஏறக்குறைய செத்துவிட்டது. மிகையாக அலங்கரித்துக்கொண்டு வருபவரைப் பற்றி 'டியூட் அப்' என்று வினையாகச் சொல்லும்போது மட்டும் அதன் மிச்சம் தெரியும்.

பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படித்தால் அதுதான் இந்தச் சொல்லின் வரலாறு. ஆகவே ஐந்தாவதிலிருந்து தொடங்குவோம்.

1883: நியூயார்க்கில் ஒரு கேலி

1883 ஜனவரி 14 அன்று 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழில் ராபர்ட் சேல் ஹில் என்பவர் எழுதிய நையாண்டிப் பாட்டு ஒன்று வெளியானது. 'டியூட்' என்பவனின் உண்மையான பிறப்பையும் வரலாற்றையும் சொல்வதாகப் பாவனை செய்த பாட்டு அது. அடுத்த சில வாரங்களில் அந்தச் சொல் நகரம் முழுக்கப் பற்றிக்கொண்டது. பிப்ரவரி முடிவதற்குள் புரூக்ளின் நாளிதழ் ஒன்று, எல்லோரும் சொல்லும் இந்தப் புதுச்சொல்லை எப்படி எழுத்துக்கூட்டுவது என்றே இன்னும் முடிவாகவில்லை என்று எழுதியது. ஆங்கிலத்தில் 'யு' போடுவதா, இரண்டு 'ஓ' போடுவதா என்பது அவர்கள் குழப்பம். தமிழில் இன்று 'டியூட்' என்றும் 'டூட்' என்றும் இரண்டு விதமாக எழுதுகிறோமே, பிறந்த ஊரிலேயே அதற்கு முன்மாதிரி உண்டு. (அமெரிக்கர் வாயில் 'டூட்' என்பதே சரியான ஒலி.)

யாரைக் கேலி செய்தார்கள்? அந்தக் கால நாளிதழ்ச் சித்திரங்களில் இருக்கும் ஆளைக் கிட்டத்தில் பார்த்தால் இப்படி இருப்பான்: காலோடு ஒட்டிய கால்சட்டை, கூர்மூக்குக் காலணி, கழுத்தைத் திருப்பவிடாத விறைப்பான உயரக் காலர், கையில் மெல்லிய பிரம்பு, வாயில் சிகரெட். அப்பா சேர்த்த பணம் இருக்கும்; தனக்கென்று ஒரு வேலை இருக்காது. பிறந்தது நியூயார்க்காக இருந்தாலும் பேச்சில் லண்டன் வாடை அடிக்கும். அதற்கு முந்தைய ஆண்டுதான், 1882-இல், அயர்லாந்து எழுத்தாளர் ஆஸ்கார் வைல்ட் அமெரிக்கா முழுவதும் சுற்றி அழகியலைப் பற்றிச் சொற்பொழிவாற்றியிருந்தார். அவருடைய உடையும் நடையும் பேச்சும் ஊரெங்கும் கேலிச்சித்திரமாகியிருந்த நேரம் அது. காய்ந்த வைக்கோல் ஏற்கெனவே குவிந்து கிடந்தது, ஹில் தீக்குச்சியைக் கிழித்தார் என்று சொல்லலாம்.

பெண்களுக்கென்று 'டியூடீன்', 'டியூடெஸ்' என்ற சொற்களும் அதே காலத்தில் முளைத்தன. அப்போது குடியரசுத் தலைவராக இருந்த செஸ்டர் ஆர்தர் உடை விஷயத்தில் பெயர்போனவர். அவரிடம் 80 கால்சட்டைகள் இருந்ததாகச் சொல்வார்கள். அவரையும் 'டியூட்' கேலி விட்டுவைக்கவில்லை. எவாண்டர் பெர்ரி வால் என்ற நியூயார்க் செல்வந்தருக்கோ நாளிதழ்கள் 'டியூட்களின் அரசர்' என்று பட்டமே கட்டிவிட்டன. சரடோகா என்ற கோடை வாசஸ்தலத்தில் ஒரே நாளில் 40 முறை உடை மாற்றிப் பந்தயத்தில் வென்றார் என்பது அவரைப் பற்றிய கதை. கதையில் சற்று உப்பும் மிளகாயும் கூடியிருக்கலாம். ஆனால் அந்தப் பட்டத்தை அவர் அவமானமாக எடுத்துக்கொள்ளாமல் பெருமையாகச் சுமந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

சொல் எந்த வேரிலிருந்து வந்தது?

1883-தான் பிறந்த ஆண்டு என்று சொல்லிவிட முடியாது. மேற்கு அமெரிக்கக் காட்சிகளை வரைந்து புகழ்பெற்ற ஓவியர் பிரெடரிக் ரெமிங்டன், பதின்ம வயதில் 1877-இல் எழுதிய கடிதம் ஒன்றிலேயே இந்தச் சொல் இருக்கிறது. நண்பர் வரைந்து அனுப்பும் படங்களில் பெண்களும் டியூட்களும் போதும், செவ்விந்தியர்களையும் மாடு மேய்ப்பவர்களையும் முரடர்களையும் அனுப்பு என்று கேட்கிறார். ஆக, 1883 என்பது சொல் ஊரறிந்த ஆண்டு. அதற்கு முன்பே அது எங்கோ ஒரு மூலையில் புழங்கியிருக்கிறது.

வேர் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கங்கள் மூன்று.

1. உடையைக் குறிக்கும் 'டட்ஸ்' என்ற பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது என்பது ஒன்று. உடை மோகம் பிடித்தவன் என்ற பொருளோடு ஒத்துப்போவதால் கேட்டவுடன் நம்பத் தோன்றும். ஆனால் 'டட்ஸ்' பெரும்பாலும் கந்தல், சாதாரணத் துணிமணி என்ற தொனியில் வழங்கியது. பட்டுக்காலர்க்காரனுக்குக் கந்தலிலிருந்து பெயர் வைப்பார்களா என்பது நியாயமான கேள்வி.

2. மந்தபுத்திக்காரன் என்ற பொருள்தரும் ஜெர்மன் வட்டாரச் சொல்லிலிருந்து வந்தது என்பது இரண்டாவது. ஒலி ஒத்துப்போகிறது. அந்தச் சொல் நியூயார்க் சீமான் வீட்டுப் பிள்ளைகள் மேல் எப்படி வந்து உட்கார்ந்தது என்பதற்கு நல்ல விளக்கம் இல்லை.

3. 'டூடுல்' என்ற சொல் குறுகியதால் வந்தது என்பது மூன்றாவது. சொல்லாய்வாளர்களிடையே இன்று அதிக ஆதரவு உள்ளது இதற்குத்தான்.

மூன்றாவதைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டும். ஜெரால்ட் கோஹன், பாரி பாப்பிக் ஆகிய சொல்லாய்வாளர்கள் 19-ஆம் நூற்றாண்டு நாளிதழ்களைப் பல ஆண்டுகள் துழாவிச் சேர்த்த சான்றுகள் 2013-இல் ஒரு சொல்லாய்வு இதழில் நூறு பக்கங்களுக்கு மேல் வெளிவந்தன. அவர்களது முடிவு, 'யாங்கி டூடுல்' என்ற பழைய பாட்டில் வரும் 'டூடுல்' தான் வேர் என்பது.

அந்தப் பாட்டின் பின்னணி தெரியாவிட்டால் இது வெறும் ஒலி விளையாட்டாகத் தோன்றும். 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலத்தில் 'டூடுல்' என்றால் மடையன். 18-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் படையினர் அமெரிக்கக் குடியேற்றவாசிகளை நாட்டுப்புறத்தான்கள் என்று இளக்காரமாகப் பார்த்தார்கள். பாட்டில் வரும் யாங்கி டூடுல் ஒரு குட்டிக்குதிரையில் ஊருக்குள் வருகிறான், தொப்பியில் ஒரு இறகைச் செருகிக்கொள்கிறான், அதை 'மாக்கரோனி' என்கிறான். சாப்பிடும் மாக்கரோனிக்கு இங்கே வேலையில்லை. இத்தாலிக்குப் போய்த் திரும்பி விசித்திரமான பொய்முடியும் உடையுமாக லண்டனில் திரிந்த இளைஞர்களை அன்று அப்படித்தான் அழைத்தார்கள். அதாவது, ஒற்றை இறகைச் செருகிவிட்டு லண்டன் நாகரிகத்தை எட்டிவிட்டதாக நினைக்கும் அப்பாவி என்பது கேலி.

மடத்தனம், நாகரிகப் பாவனை இரண்டும் ஒரே ஆளின் தலையில் வந்து உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். 1883-இன் 'டியூட்' மேல் வைத்த குற்றச்சாட்டும் அச்சு அசலாக இதே இரண்டுதான். 'டூடுல்' என்பதன் வாலை நறுக்கினால் 'டூட்'. தொடக்கத்தில் இரண்டு 'ஓ' போட்டு எழுதலாமா என்று குழம்பியதும் இதனோடு பொருந்துகிறது. முத்திரை குத்திய பிறப்புச் சான்றிதழ் கிடையாதுதான். ஆனால் மற்ற இரண்டு விளக்கங்களும் ஒலியையோ பொருளையோ ஒன்றைத்தான் தொடுகின்றன, இது இரண்டையும் தொடுகிறது.

இன்னொன்றும் உண்டு. தங்களைக் கேலி செய்த 'யாங்கி டூடுல்' பாட்டை அமெரிக்கர்கள் விடுதலைப் போரில் தங்கள் பாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். திட்டைப் பிடுங்கிப் பதக்கமாகக் குத்திக்கொள்ளும் பழக்கம் இந்தச் சொல்லின் பரம்பரையிலேயே இருக்கிறது.

மேற்கே போனதும் பொருள் மாறியது

நியூயார்க்கில் 'டியூட்' என்றால் மிகையாக உடுத்துபவன். மேற்கே, மாடு மேய்க்கும் சமவெளிகளில், நகரத்திலிருந்து எவன் வந்தாலும் அவன் உடை மிகைதான். அதனால் அங்கே 'உடுப்பு' என்ற கூறு பின்னுக்குப் போய், 'வெளியூர்க்காரன், இந்த மண்ணின் வேலை தெரியாதவன்' என்ற கூறு முன்னுக்கு வந்தது.

இதற்கு ஆகச் சிறந்த எடுத்துக்காட்டு, பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான தியோடர் ரூஸ்வெல்ட். நியூயார்க் சட்டமன்றத்தில் இளம் உறுப்பினராக இருந்தபோதே அவரை 'டியூட்' என்று கேலி செய்திருக்கிறார்கள். 1884-இல் டக்கோட்டாவில் மாட்டுப்பண்ணை நடத்தப் போனார். மூக்குக்கண்ணாடி, தைத்து வாங்கிய மான்தோல் உடை, நியூயார்க்கின் டிஃபனி நகைக்கடையில் செய்த வெள்ளிப்பிடி வேட்டைக்கத்தி. போதாததற்கு, மாடுகளை மறிக்கும்போது கூட வந்தவர்களை நோக்கி அவர் கொடுத்த ஆணை கிட்டத்தட்ட 'அங்கே துரிதமாக முன்னேகுக!' என்கிற நடையில் இருந்ததாம். மேய்ப்பவர்கள் சேணத்திலேயே உருண்டு சிரித்தார்கள். அந்த வாக்கியம் பிறகு அந்த வட்டாரத்தில் நிரந்தர நகைச்சுவையாகிவிட்டது. பின்னாளில் அவர் அந்த ஆட்களின் மரியாதையைச் சம்பாதித்தார் என்பது வேறு கதை.

அதே டக்கோட்டாவில் ஈட்டன் சகோதரர்கள் ஒரு பண்ணை வைத்திருந்தார்கள். கிழக்கிலிருந்து நண்பர்கள் வருவதும் தங்குவதும் வேட்டையாடுவதும் கட்டுக்கடங்காமல் போயின. 1882-இல் ஒரு விருந்தாளி தன் தங்கலுக்குத் தானே பணம் கொடுக்க முன்வந்தார். 'டியூட் ராஞ்ச்' என்ற தொழில் அங்கேதான் தொடங்கியது. நகரத்தார் காசு கொடுத்துச் சில வாரம் தங்கிக் குதிரையேறி மாடு ஓட்டி விளையாடும் பண்ணை என்று அதற்குப் பொருள். 1904-இல் ஈட்டன்கள் வயோமிங் மாநிலத்துக்கு இடம் மாறினார்கள். 1926-இல் இத்தகைய பண்ணைக்காரர்கள் தங்களுக்கென்று சங்கமே அமைத்து, பெயரிலேயே 'டியூட்' என்று போட்டுக்கொண்டார்கள்.

சொல்லின் முனை மழுங்கியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு. அறைக்கு வாடகை கொடுப்பவனை எத்தனை நாள்தான் திட்டிக்கொண்டிருக்க முடியும்? காசு வரத் தொடங்கியதும் 'டியூட்' என்பது கேலிக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் ஓர் இடத்தில் போய் நின்றது.

திட்டு எப்போது நட்பானது?

அடுத்த திருப்பத்தைச் செய்தவர்கள் பணக்காரர்கள் அல்லர். 1930-களிலும் 40-களிலும் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களும் கறுப்பின இளைஞர்களும் 'சூட் சூட்' என்ற உடையை அணிந்தார்கள். தோளில் பஞ்சு வைத்து முழங்கால்வரை தொங்கும் கோட்டு, முழங்காலில் தொளதொளத்துக் கணுக்காலில் இறுகும் கால்சட்டை. போர்க்காலத் துணிக் கட்டுப்பாடு நடப்பிலிருந்தபோது இவ்வளவு துணியை உடுத்துவது பலர் கண்ணை உறுத்தியது. 1943 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸில் கடற்படையினரும் பிற படைவீரர்களும் இந்த இளைஞர்களைத் தேடித் தேடி அடித்து, உடையைக் கிழித்து எறிந்தார்கள்.

இந்த இளைஞர்கள் தங்களுக்குள் ஒருவரையொருவர் 'டியூட்' என்று அழைத்துக்கொண்டார்கள். உடையில் கவனம் உள்ளவன் என்ற பழைய பொருள் அப்படியே இருந்தது. சொல்பவர்தான் மாறினார். வெளியே நின்று 'இவன் பகட்டுக்காரன்' என்று சுட்டிய சொல், உள்ளே நின்று 'நீ நம்மில் ஒருவன்' என்று சொல்லத் தொடங்கியது. பெர்ரி வால் தனியாளாகச் செய்ததை இங்கே ஒரு கூட்டமே செய்தது. கூட்டம் செய்தால்தான் மொழி மாறும்.

1960-களில் கலிஃபோர்னியாவின் அலைச்சறுக்கு வீரர்களிடம் போனபோது உடை என்ற கூறும் கழன்றுவிட்டது. மேல்சட்டையே போடாதவர்களிடம் உடைப்பெருமை எப்படி மிஞ்சும்? 1969-இல் வந்த 'ஈசி ரைடர்' படத்தில், டியூட் என்றால் நல்லவன், சாதாரண ஆள் என்று ஒரு பாத்திரம் இன்னொருவருக்கு விளக்கிச் சொல்கிறது. விளக்க வேண்டியிருந்தது என்பதே ஒரு தகவல்தான். அன்று பொதுமக்களுக்கு அந்தப் பொருள் இன்னும் முழுதாகப் போய்ச்சேரவில்லை. 1980-களின் பதின்ம வயதுத் திரைப்படங்களுக்குப் பிறகு விளக்கத் தேவையே இல்லாமல் போனது.

ஒரே சொல், ஐந்து தொனி

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக மொழியியலாளர் ஸ்காட் கீஸ்லிங் 2004-இல் இந்த ஒற்றைச் சொல்லைப் பற்றி முழு ஆய்வுக்கட்டுரை எழுதினார். அவருடைய மாணவர்கள் மூன்று நாள் காதைத் தீட்டிக்கொண்டு, யார் யாரிடம் எப்போது 'டியூட்' சொல்கிறார்கள் என்று குறித்து வந்தார்கள். அப்படி 500-க்கும் அதிகமான இடங்கள் சேர்ந்தன. சேர்ந்ததிலிருந்து அவர் பிரித்துக் காட்டிய வேலைகளை நம் பேச்சோடு சேர்த்துப் பார்த்தால் எளிதில் பிடிபடும்.

1. பேச்சைத் தொடங்குவது. முக்கியமான ஒன்றைச் சொல்லப்போகிறேன் என்ற அறிவிப்பு. நாம் 'டேய், ஒண்ணு தெரியுமா' என்பதுபோல.

2. உணர்ச்சியை வெளியிடுவது. நாம் 'அடேயப்பா' என்கிறோம், அங்கே அப்பா யாரும் இல்லை. அதுபோலத்தான் இதுவும். விளியாகப் பிறந்த சொல், அழைக்க ஆளில்லாமலும் வாயில் நிலைத்துவிடுகிறது.

3. மோதலைத் தணிப்பது. 'டியூட், அது என் இருக்கை' என்றால் உரிமையும் விடவில்லை, சண்டைக்கும் அழைக்கவில்லை.

4. நெருக்கம் காட்டுவது.

5. ஒப்புதல். 'அதேதான், டியூட்.'

இவை அனைத்துக்கும் அடியில் ஓடும் மனநிலைக்கு கீஸ்லிங் வைத்த பெயரைத் தமிழில் 'அலட்டலற்ற தோழமை' எனலாம். நெருக்கம் உண்டு, ஆனால் உருகி வழியாது. ஆண்கள் ஆண்களிடம் இதை அதிகம் சொல்வதற்கும், காதலர்களுக்கிடையே அவ்வளவாக வராததற்கும் இதையே அவர் காரணமாகக் காண்கிறார். பெண்கள் பெண்களிடம் சொல்வதும் அவர் தரவில் கணிசமாகவே இருக்கிறது.

அப்படியானால் பெண்ணை 'டியூட்' எனலாமா?

ஆங்கிலம் பேசுவோருக்கிடையிலேயே அடிக்கடி எழும் சண்டை இது. குழப்பத்துக்குக் காரணம், ஒருவரை அழைக்கும் விளியையும் ஒருவரைப் பற்றிப் பேசும்போது குறிக்கும் சுட்டையும் ஒன்றாகப் போட்டு உருட்டுவது. நம் இலக்கணம் விளியைத் தனியாகப் பிரித்து எட்டாம் வேற்றுமை என்று வைத்திருப்பதால் நமக்கு இது சுலபம்.

விளியாக வரும்போது 'டியூட்' பால் வேறுபாட்டைப் பெருமளவு உதறிவிட்டது. தோழியை, அக்காவை, பூனையைக்கூட அப்படி அழைப்பவர்கள் உண்டு. சுட்டாக வரும்போது உதறவில்லை. 'அறைக்குள் இரண்டு டியூட்கள் இருக்கிறார்கள்' என்று கேட்டால் இரண்டு ஆண்கள்தான் மனத்தில் வருவார்கள். 'டியூட் என்பது எல்லோருக்கும் பொது' என்று வாதிடும் ஆணிடம், 'அப்படியானால் இதுவரை எத்தனை டியூட்களைக் காதலித்திருக்கிறாய்?' என்று திருப்பிக் கேட்பது அங்கே பிரபலமான மடக்கு. பெரும்பாலும் வாதம் அங்கேயே நின்றுவிடும்.

இந்த மிச்சம் சிலருக்கு வலிக்கும். தன்னைப் பெண்ணாக ஏற்கச் சொல்லிப் போராடும் திருநங்கை ஒருவரிடம் 'டியூட்' என்பது, சொல்பவர் மனத்தில் எதுவும் இல்லாவிட்டாலும், பழைய அடையாளத்தைத் திரும்பப் போர்த்துவதாக ஒலிக்கலாம். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அகராதியைக் காட்டி வாதாடுவதில் பயனில்லை.

அப்புறம், படிநிலை. நீதிபதி, காவலர், நேர்காணல் செய்பவர் ஆகியோரிடம் இந்த விளி எடுபடாது. அலட்டலற்ற தோழமை என்பது இரண்டு பேரும் ஒரே படியில் நிற்பதாக வைத்துக்கொள்வது. எதிரில் இருப்பவர் மேல்படியில் நிற்பதாக நினைத்தால் அது துடுக்கு.

மொழிபெயர்க்கும்போது

தமிழில் இதற்கு ஒரே இணைச்சொல் தேடுவது வீண். 'நண்பா' மிகவும் மெனக்கெட்டு ஒலிக்கும். 'மச்சி', 'மாப்ளே' நெருங்கி வரும், ஆனால் அவை உறவுமுறையிலிருந்து பிறந்தவை. 'டியூட்' அப்படி யாரையும் சொந்தக்காரர் ஆக்குவதில்லை. 'டா' தொனியில் பொருந்தும், ஆனால் பெண்ணுக்கும் பெரியவருக்கும் உதவாது. சுட்டாக வந்தால் 'ஆள்', 'ஒருத்தன்'. உணர்ச்சி ஒலியாக வந்தால் 'அடேயப்பா', 'ஐயோ', சில சமயம் ஒரு பெருமூச்சு. 1880-களின் எழுத்தாக இருந்தால் 'மைனர்' என்ற நம் பழைய சொல் ஆச்சரியப்படும் அளவுக்குப் பொருந்தும்: அப்பன் காசு, ஜரிகை உடுப்பு, வேலையின்மை எல்லாம் அதில் அடக்கம். எந்த ஆண்டின் டியூட், யார் யாரிடம் சொன்னது என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒரே உரையாடலில் இரண்டு டியூட்கள் வரவும் கூடும். வயோமிங்கில் ஈட்டன் குடும்பப் பண்ணை இன்றும் விருந்தாளிகளை ஏற்றுக்கொள்கிறது. பெட்டியிலிருந்து எடுத்த கருக்கழியாத பூட்ஸோடு ஒரு நகரத்து இளைஞன் அங்கே வந்திறங்கி, சேணம் கட்டிக்கொண்டிருக்கும் பண்ணையாளைப் பார்த்து 'ஹாய் டியூட்' என்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் வாயில் வந்தது கலிஃபோர்னியா அலையில் ஈரமான சொல். அவன் நகர்ந்த பிறகு பண்ணையாள் பக்கத்திலிருப்பவரிடம், 'புது டியூட் ஒருத்தன் வந்திருக்கான், சாதுவான குதிரையாப் பார்த்துக் கொடு' என்பார்.